முப்பத்தொரு சென்ட் மழை

எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு லேப்டாப்பையும் இருபத்தாறு மழை நோட்டுகளையும் சேர்த்து வைக்க இடம் போதாது. ஆறு ஆறாக நான்கு அடுக்கு வைத்தேன். மிஞ்சிய இரண்டு என் மடியில் இருந்தன. சமவெளியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் பேராசிரியை முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு நாற்பது வயது இருக்கும். காபி பூக்கும் நாள் வருடத்துக்கு வருடம் எப்படி நகர்கிறது என்று ஆராய்கிறார். தாண்டிக்குடிப் பக்கத்தில் நாள் தவறாமல் மழையை எழுதி வைத்திருக்கும் ஆள் யார் என்று ஜீப் ஸ்டாண்டில் விசாரித்திருக்கிறார். மூன்று பேர் என் வீட்டைக் காட்டினார்களாம். அதில் ஒருவர், "மழையக் கூட விட மாட்டாரு, எண்ணிருவாரு, அவருதான்" என்றாராம். அதைப் பேராசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவன். ரைட்டர் என்றால் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன், அவ்வளவுதான். காலையில் முதல் வேலை மழைமானியைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்ப்பது. எஸ்டேட்டில் மழையை மில்லிமீட்டரில் சொல்ல மாட்டோம். ஒரு இன்ச்சை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். "நேத்து நாப்பது சென்ட் மழை" என்போம். எஸ்டேட்டைத் துண்டு துண்டாக விற்றபோது ஆளுக்கொரு பொருளைக் கேட்டு வாங்கினார்கள். ஒருவர் எடைத் தராசைக் கேட்டார், ஒருவர் மேசையைக் கேட்டார். நான் மழைமானியையும் குடுவையையும் கேட்டேன். அதை வீட்டுக்குப் பின்னால், மரம் இல்லாத இடத்தில் நட்டேன். அன்றிலிருந்து இருபத்தாறு வருடம். மாதத்துக்கு ஒரு பக்கம், வருடத்துக்கு ஒரு நோட்டு, மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நாள் கணக்கில் ஒன்பதாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றாறு. காலி வரி ஒன்றுகூடக் கிடையாது என்று நான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

பேராசிரியை பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். நோட்டுகளை வெளியே அனுப்ப நான் சம்மதிக்கவில்லை. படம் எடுக்கவே மூன்று நாள் வரவேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவையும் மேசையை விட்டு எழுவதற்கு முன் இருபத்தாறும் இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டேன். அவர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார். பிறகு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, அச்சடித்துச் சரிபார்க்கக் கொண்டுவந்தார். நாற்பத்தொரு பிழை கண்டுபிடித்தேன். பெரும்பாலும் என் ஒன்றை ஏழு என்று படித்ததுதான்.

அதற்குப் பிறகுதான் அவர் அந்தக் கணினி நோட்டைத் திறந்து காட்டினார். அதற்குப் பெயரும் நோட்புக்தான். ஆனால் நான் கண்ட எந்த நோட்டும் அப்படி இல்லை. திரையில் மேலிருந்து கீழாகக் கட்டம் கட்டமாகப் போகிறது. ஒரு கட்டத்தில், இந்த மழை எங்கே யார் அளந்தது என்று சாதாரண வாக்கியம். அடுத்த கட்டத்தில் கம்ப்யூட்டருக்கான கட்டளை. அதன்மேல் சொடுக்கி ஓட்டினால் கீழே விடை வருகிறது, சில சமயம் படமாகவே வருகிறது. என் சென்ட்டை மில்லிமீட்டராக்க ஒரு கட்டம். மாதவாரியாகக் கூட்ட ஒரு கட்டம். அதிலேயே ஒரு சறுக்குப் பட்டை இருந்தது. அதை இழுத்தால் ஒவ்வொரு வருடத்தின் பூ மழையும் கோடுகளாக நிமிர்ந்து நின்றது. பூ மழை என்பது கோடை தொடங்கும்போது பெய்வது. அது பெய்து எட்டொன்பது நாளில் தோட்டம் முழுக்க வெளுத்துப் பூத்துவிடும். அவரே இழுக்கச் சொன்னார். நான் ஒரு விரலால் இழுத்தேன். இருபத்தாறு வருடமும் ஓடி வந்தன.

"இத அப்படியே லிங்க்கா அனுப்பிரலாம் சார். யாரு வேணும்னாலும் தொறந்து, அவங்க கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கலாம். நான் சொல்றத நம்ப வேண்டியதில்ல, அவங்களே கணக்குப் போட்டுப் பாத்துக்கலாம்" என்றார்.

"யாரு வேணும்னாலும்னா?"

"யாரு வேணும்னாலும்."

எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எஸ்டேட்டில் என் நோட்டைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். மேனேஜரும் அவருக்கு மேலே இருந்தவரும்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி காபியோடு வந்தாள். "டீச்சரம்மா, இவரு நோட்ட வெளிநாட்டுக்காரன் வரைக்கும் பாக்கப்போறானா? அவன் பாவம், என்ன தப்பு செஞ்சான்?" என்றாள்.

பதினெட்டு நாள் கழித்து பேராசிரியை மறுபடி வந்தார். முகம் சரியில்லை. கையில் ஒரு அச்சுக்கட்டு. வேறு ஊரில் இருக்கும் அவருடைய ஆராய்ச்சிக் கூட்டாளிக்கு அந்த லிங்க்கை அனுப்பியிருக்கிறார். அந்தக் கூட்டாளியிடம் எங்கள் மலைச்சரிவிலேயே ஒரு தோட்டத்தில் வைத்த தானியங்கி மழைமானியின் கணக்கு இருக்கிறது. கடைசி ஏழு வருடத்துக்கு என் கணக்கும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். பாதி நாள்கூட ஒத்துப்போகவில்லை.

"அவர் என்ன சொல்றாருன்னா..." என்று இழுத்தார்.

"சொல்லுங்கம்மா."

"கையால எழுதினது, நம்பறதுக்கில்ல, விட்டுரலாம்னு எழுதியிருக்காரு."

அச்சுக்கட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். பதினேழு பக்கம். அடுத்த வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் என் நோட்டு இல்லாமலே கட்டுரை போய்விடும் என்றார். கிளம்பும்போது செருப்பை மாட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

நான்கு நாள் அந்தப் பதினேழு பக்கத்தோடு உட்கார்ந்திருந்தேன். கட்டளைகள் எனக்குப் புரியாது. ஆங்கில வார்த்தைகளும் புள்ளிகளும் அடைப்புக்குறிகளும். புரிந்தது எண்கள் மட்டும்தான். ஒவ்வொரு கட்டளைக் கட்டத்துக்கும் இடப்பக்கம், சதுர அடைப்புக்குள், ஒரு சிறிய எண். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, எட்டு. பதினான்கு வரை போகிறது. ஆறு இல்லை. பக்கம் தவறிவிட்டதோ என்று பார்த்தேன். பக்கம் சரியாக இருந்தது. கட்டங்களை எண்ணினேன். பதின்மூன்று. மறுநாள் மறுபடி எண்ணினேன். பதின்மூன்றுதான்.

"என்னத்தத் தேடுறீங்க?" என்றாள் வீட்டுக்காரி. முற்றத்தில் காபிப் பழம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆறக் காணோம்."

"பெஞ்ச மழ எப்பவோ ஓடிப்போயி ஆத்துல சேந்துருச்சு. நீங்க இன்னும் அத எண்ணிக்கிட்டுக் கெடக்கீங்க. போன் போட்டு வெரசாக் கேளுங்க, அந்தம்மாவும் நிம்மதியா இருக்கட்டும்."

மாடியில் ஏறினால்தான் சிக்னல் இரண்டு கோடு வரும். பேராசிரியையைக் கூப்பிட்டு, ஆறாம் எண் எங்கே போனது என்று கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். "அது பக்க எண் மாதிரி இல்ல சார். எந்தக் கட்டத்த எத்தனையாவதா ஓட்டினோம்னு கம்ப்யூட்டர் போடுற எண். ஒரே கட்டத்த ரெண்டு தடவ ஓட்டினா பழைய எண் போயிட்டு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். நான் லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.

"சார், ஏழுன்னு போட்ட கட்டத்துக்கு மேல என்ன எழுதியிருக்கு? வாசிங்க."

வாசித்தேன். மழைத் தேதியை அடுத்த நாளுக்குத் தள்ளும் கட்டம் என்று எழுதியிருந்தது.

அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் எஸ்டேட் வழக்கப்படி, இன்று காலை அளக்கும் மழையை நேற்றைய வரியில் எழுதுவோம். நேற்றுப் பெய்த மழைதானே. தானியங்கி மழைமானியின் கணக்கில் அளந்த நாளிலேயே, அதாவது இன்றைய தேதியில், மழை பதிவாகிறது. எங்கள் வழக்கத்தை நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். அதனால் அவர் என் தேதிகளையெல்லாம் அடுத்த நாளுக்குத் தள்ள ஒரு கட்டம் எழுதியிருந்தார். அதைத் தெரியாமல் இரண்டு தடவை ஓட்டிவிட்டார். என் மழை முழுவதும் இரண்டு நாள் தள்ளிப் போய்விட்டது. ஆறாவதாக ஓடியதும் அதே கட்டம், ஏழாவதாக ஓடியதும் அதே கட்டம். கூட்டாளி அதைத் தன் கம்ப்யூட்டரில் மேலிருந்து புதிதாக ஓட்டியிருந்தால் சரியாக வந்திருக்கும். அவர் ஓட்டவில்லை. அனுப்பியதில் ஏற்கெனவே இருந்த விடையை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டார்.

மறுநாள் காலையே பேராசிரியை வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படியேறினார். நான் பெரிய மனிதன் மாதிரி, "அதனால என்னம்மா" என்றேன். உண்மையில் அன்று நான் ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டியிருந்தேன். அவர் பழைய விடைகளையெல்லாம் அழித்து, மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே மூச்சில் ஓட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பதின்மூன்று வரை எண்கள் வரிசையாக வந்தன. நான் கூடவே எண்ணினேன். இரண்டு கோடுகளும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்தன. தானியங்கி நீலம், நான் சிவப்பு. சில இடங்களில் நீலம் தெரியவே இல்லை.

"பாத்தீங்களா சார்!" என்று அவர் கையைத் தட்டினார்.

"கையால எழுதினதுதாம்மா" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கர்வமாக நான் எதையும் சொன்னதில்லை.

அந்தக் கர்வம் ஐந்து நிமிடம் இருந்திருக்கும். கூட்டாளி மறுபடி குறை சொல்லக் கூடாதென்று அவர் புதிதாக ஒரு கட்டம் எழுதியிருந்தார். ஒரே அளவு மழை நான்கு நாளுக்கு மேல் தொடர்ந்து வந்தால் காட்டிக்கொடுக்கும் கட்டம். மழைமானி அடைத்துக்கொண்டால் அப்படி வருமாம். பதினான்காவதாக அதை ஓட்டினார். ஒரே ஒரு விடை வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஒரு ஐப்பசியில், எட்டு நாள். நாளுக்கு முப்பத்தொரு சென்ட்.

"எட்டு நாளும் சரியா முப்பத்தொண்ணு. இது என்ன சார், இதையும் எங்கயாவது தப்பா டைப் பண்ணிட்டேனா?"

அவர் அந்த வருட நோட்டை எடுக்கக் கையை நீட்டினார். நான் அதற்கு முன்பே எடுத்துவிட்டேன். திறக்கத் தேவையில்லை. அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

அந்த ஐப்பசியில் என் வீட்டுக்காரிக்கு மதுரையில் கர்ப்பப்பை ஆபரேஷன். போகும்போது அளவுக் குடுவையை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துப்போனேன். பக்கத்துத் தோட்டக்காரர், "நான் அளந்து வைக்கிறேங்க, நீங்க வெள்ளனே கெளம்புங்க" என்றார். அவர் குடுவையைச் சாய்த்துப் பிடித்து அளப்பார் என்று எனக்குப் பயம். வேண்டாம் என்றேன். திரும்பி வந்தபோது மழைமானிக்குள் இரண்டு இன்ச் எண்பது சென்ட் தண்ணீர் சேர்ந்து இருந்தது. எந்த நாளில் எவ்வளவு பெய்தது என்று யாருக்கும் தெரியாது. எஸ்டேட்டில் வரி காலியாக இருந்தால் மேனேஜர் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். அதனால் லீவு முடிந்து வரும் ரைட்டர்கள் சேர்ந்த தண்ணீரை நாள் கணக்கில் வகுத்து எழுதிவிடுவார்கள். எல்லோரும் செய்வதுதான். நானும் செய்தேன். எனக்கு மேனேஜர் யாரும் இல்லாதபோதும் செய்தேன்.

பேராசிரியை திரையையும் என்னையும் பார்த்தார். "மழைமானி அடைச்சிருக்கும்னு எழுதிரவா? இல்ல, சும்மா இந்த எட்டு நாளயும் எடுத்துரவா? எதுன்னாலும் ஒண்ணும் ஆகாது சார்."

அப்படியே விட்டிருக்கலாம். மழைமானியின்மேல் பழியைப் போட்டுவிட்டு, காபி குடித்திருக்கலாம். ஆனால் இருநூற்று எண்பதை ஒன்பதால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். அந்த ஒரு சென்ட்டைக் கடைசி நாளில் சேர்த்திருந்தேன். எட்டு நாள் முப்பத்தொன்று, ஒன்பதாம் நாள் முப்பத்திரண்டு. அந்த ஒன்பதாம் நாளை அவருடைய கட்டம் பிடிக்கவில்லை. அது நல்ல மழை மாதிரி நோட்டிலும் கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்திருந்தது. எட்டை எடுத்துவிட்டு அதை மட்டும் விட்டால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து, ஓட்டி, நம்புவார்கள்.

"எட்டு இல்லம்மா. ஒம்போது" என்றேன்.

முழுவதையும் சொன்னேன். சொல்லும்போது நோட்டின் அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரிதான் பேசினாள்.

"ஏங்க, எனக்கு வயித்த அறுத்த அன்னைக்கும் முப்பத்தொரு சென்ட்டா?"

"ஆமா."

"வார்டுல சன்னலுக்குப் பக்கத்துல படுத்துக் கெடந்தேன். அன்னைக்கு மதுரையில பொட்டு மழ இல்ல. வெயிலு மண்டையப் பொளந்துச்சு."

"அது மதுரை. இது இங்க."

"இங்க பெஞ்சத நீங்க பாத்தீங்களா?"

அவள் கேட்டதில் கோபம் இல்லை. "பொய்யிலயும் வகுத்தல் சரியாத்தேன் இருக்கு" என்று பேராசிரியையிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பேராசிரியை அந்த ஒன்பது நாளையும் காலியாக்கினார். மொத்தம் இரண்டு இன்ச் எண்பது மாதக் கணக்கில் இருக்கும், நாள் கணக்கில் மட்டும் காலி, அதுதான் முறை என்றார். பிறகு மேலே ஒரு வாக்கியக் கட்டம் திறந்து, லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "காரணத்த நீங்களே எழுதிருங்க சார்." தமிழ்த் தட்டெழுத்து எனக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி நான்கு வாக்கியம் எழுதினேன். அதில் ஆபரேஷன் இருந்தது, எஸ்டேட் வழக்கம் இருந்தது, மற்ற ரைட்டர்களும் செய்வார்கள் என்பது இருந்தது. படித்துப் பார்த்தேன். மூன்றை அழித்தேன். "இந்த ஒன்பது நாள் அளக்கவில்லை, சேர்ந்த நீரை வகுத்து நான் எழுதியது" என்பது மட்டும் நின்றது. கீழே அவர் அதை ஆங்கிலத்திலும் எழுதினார். மறுபடி முழுவதையும் ஓட்டினார். நாட்களின் எண்ணிக்கை ஒன்பதாயிரத்து நானூற்று எண்பத்தேழு என்று வந்தது.

அன்றே லிங்க் போயிற்று. இந்த முறை கூட்டாளி எல்லாவற்றையும் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டு நாளில் பதில் வந்தது. கணக்கு பொருந்துகிறது என்று ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு கேள்வி: இதுபோல வேறு நாட்கள் இல்லை என்று எப்படித் தெரியும்?

பேராசிரியைக்குக் கோபம். "நீங்க இல்லன்னு சொன்னா போதும் சார், நான் எழுதிர்றேன்" என்று போனில் சொன்னார். அப்படி எழுத வேண்டாம் என்றேன். அந்தக் கேள்வி நியாயமானது. நான் அந்தக் கூட்டாளியின் இடத்தில் இருந்தால் அதற்கு முன்பே கேட்டிருப்பேன்.

பதினோரு நாள் அவகாசம் கேட்டேன். கட்டுரையை அதுவரை நிறுத்திவைத்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில், ஒரு வரி விடாமல், சன்னலோரம் வைத்துப் பார்த்தேன். என் கையெழுத்து அவசரத்தில் எப்படி இருக்கும், நிதானத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மை மாறிய இடம், பின்னால் எழுதிய இடம் தெரியும். ஒரு கல்யாணத்துக்காக வடகவுஞ்சி போய், மழையில் பஸ் வராமல் ஒரு நாள் தங்கியது ஞாபகம் வந்தது. அந்த இரண்டு நாள் மழையையும் பாதிப் பாதியாக வகுத்து எழுதியிருந்தேன். எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு மாசியில் இரண்டு நாள், வரிகள் பென்சிலில் இருந்தன. அளந்தேனா, படுக்கையிலிருந்தே சத்தத்தைக் கேட்டு எழுதினேனா என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. நான்கு நாள். ஒன்பதும் நான்கும் பதின்மூன்று. மிச்சம் ஒன்பதாயிரத்து நானூற்று எண்பத்துமூன்றுக்கும் நான் பொறுப்பு என்று எழுதச் சொன்னேன்.

அது போதும் என்று கூட்டாளி எழுதினார். நோட்டு கட்டுரையில் இருக்கிறது.

கடைசியாகப் பேராசிரியை வந்தபோது திருத்திய நோட்புக்கைத் திறந்து, சறுக்குப் பட்டையை மறுபடி என்னிடம் தந்தார். இழுத்தேன். பூ மழைக் கோடுகள் முன்பு பார்த்த மாதிரியே நிமிர்ந்து நின்றன. பதின்மூன்று நாளை எடுத்தும் எதுவும் அசையவில்லை. ஐப்பசி மழைக்கும் அந்தக் கல்யாணத்து மழைக்கும் பூவோடு வேலையே இல்லை. மாசியின் இரண்டு நாளும் அவருடைய பூ மழைக் கணக்கு தொடங்கும் தேதிக்கு முன்னாலேயே இருந்தன. பன்னிரண்டு வருடம் யாரும் அந்தப் பக்கத்தைப் பிரித்துவிடக் கூடாதே என்று பயந்திருக்கிறேன். அதனால் ஆராய்ச்சி ஒரு மயிரிழை கூட நகரவில்லை. அது ஆறுதலா இல்லையா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நாள் கணக்குப் படம் இருக்குல்லம்மா, அதக் காட்டுங்க" என்றேன்.

காட்டினார். இருபத்தாறு வருடமும் ஒரே படத்தில், சிவப்புப் புல் மாதிரி. ஒன்றும் தெரியவில்லை. அந்த ஐப்பசியைப் பெரிதாக்கச் சொன்னேன். இன்னும் பெரிதாக்கச் சொன்னேன். நான்காவது தடவை தெரிந்தது. இந்தப் பக்கம் ஒரு கொத்துக் கோடு, அந்தப் பக்கம் ஒரு கொத்துக் கோடு, நடுவில் வெள்ளை. விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான். அதற்குப் பிறகு ஆறிப்போயிருந்த காபியை எடுத்துக் குடித்தேன்.